சமாரியத்தின் நிலையான ஐசோடோப்புகள் எத்தனை? ஏற்காட்டுக் கல் எழுப்பிய ஐயம்

கேள்வி: அயோத்தியாப்பட்டணம் வேதியியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் பகுதியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். லாந்தனாய்டுகள் (சமாரியம் முதலிய அருமண் தனிமங்கள்) பாடத்தை முடித்த மறுநாள், மாணவன் ஒருவன் குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலையோரம் மழையில் சரிந்து கிடந்த கருங்கல் துண்டு ஒன்றைப் புத்தகப் பையில் சுமந்து வந்து என் மேசைமேல் வைத்தான். "டீச்சர், எல்லாக் கல்லிலும் அருமண் தனிமம் கொஞ்சம் இருக்கும் என்றீர்கள். சமாரியம் கதிரியக்கம் உடையது என்றும் சொன்னீர்கள். அப்படியானால் இந்தக் கல்லும் கதிரியக்கம் உடையதுதானே?" என்று கேட்டான். ஆம் என்று சொன்னால் வகுப்பே கல்லைவிட்டு விலகி உட்காரும். இல்லை என்றால் நான் முந்தைய நாள் சொன்னது பொய்யாகிவிடும். நாளை சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டிலிருந்த நூல்களைப் புரட்டியபோது குழப்பம் கூடியது. இயற்கையில் கிடைக்கும் சமாரியத்தில் ஏழு ஐசோடோப்புகள் (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள்) உண்டு என்பதில் எல்லா நூல்களும் ஒத்துப்போகின்றன. ஆனால் அவற்றுள் நிலையானவை ஆறு என்று நான் கல்லூரியில் படித்த பழைய நூலும், ஐந்து என்று அண்மையில் வாங்கிய நூலும், நான்கு என்று வேறொரு அட்டவணையும் கூறுகின்றன. ஒரு தனிமத்தின் அணுக்கரு நிலையானதா இல்லையா என்பதிலேயே நூலுக்கு நூல் கருத்து மாறுவது எப்படி? எது சரி? இதை அறிந்தவர்கள், மாணவனிடம் அப்படியே சொல்லக்கூடிய வகையில் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஆத்தூர்க்காரன்

வணக்கம் அம்மா. சொந்த ஊர் ஆத்தூர். அணுக்கரு இயற்பியல் படித்துவிட்டு இப்போது கடற்கரைப் பக்கம் வேலை பார்க்கிறேன். நீங்கள் பார்த்த மூன்று எண்களும் அந்தந்தக் காலத்து அளவீட்டின்படி சரியாக எழுதப்பட்டவையே. இன்றைக்கு ஐந்து என்று சொல்லுங்கள்.

இயற்கைச் சமாரியத்தில் மிகுதியாக இருப்பவை சமாரியம்-152, சமாரியம்-154 ஆகிய இரண்டும்தான். முன்னது சுமார் 26.7 விழுக்காடு, பின்னது சுமார் 22.7 விழுக்காடு. அடுத்து 147 என்பது 15 விழுக்காடு, 149 சுமார் 13.8, 148 சுமார் 11.2, 150 சுமார் 7.4, கடைசியாக 144 வெறும் 3 விழுக்காடு. இவற்றுள் 147-இன் கதிரியக்கத்தை 1932-இல் ஹெவெஷி, பால் என்ற இரு அறிவியலாளர்கள் கண்டறிந்தார்கள். அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 10,600 கோடி ஆண்டுகள். இந்தப் பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும். இதை மட்டும் கழித்த நூல் ஆறு என்றது. 148-உம் ஆல்பா துகளை வெளியிடுகிறது. ஆனால் அதன் அரை ஆயுட்காலம் 70 கோடி கோடி ஆண்டுகள். அதையும் கழித்தால் ஐந்து. 149-ஐப் பொறுத்தவரை, ஆல்பா துகளை வெளியிடுவதற்கு வேண்டிய ஆற்றல் கணக்கில் இருக்கிறது. ஆனால் அது சிதைந்ததை இதுவரை யாரும் கண்டதில்லை. கணக்கை நம்பி அதையும் கழித்தவர்கள் நான்கு என்று எழுதினார்கள். கண்ணால் காணாததைக் கழிக்கக் கூடாது என்பது என் கட்சி.

"நிலையானது" என்ற சொல்லுக்கு அணுக்கரு அட்டவணையில் பெரும்பாலும் "இதுவரை சிதைந்ததாகக் காணப்படவில்லை" என்பதுதான் பொருள். பிஸ்மத்-209 நிலையானது என்றுதான் நாமெல்லாம் படித்தோம். 2003-இல் அதன் ஆல்பா சிதைவை அளந்துவிட்டார்கள். அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 2 லட்சம் கோடி கோடி ஆண்டுகள்.

சமாரியத்தில் 146, 147, 148 ஆகிய மூன்றும் ஏன் ஆல்பா துகளை வெளியிடுகின்றன என்று மாணவன் கட்டாயம் கேட்பான். சமாரியத்துக்குப் புரோட்டான்கள் 62. எனவே சமாரியம்-144-இல் நியூட்ரான்கள் 82. மந்த வாயுக்களில் எலக்ட்ரான் கூடு நிறைவது போல, 82 என்பது அணுக்கருவுக்குள் நியூட்ரான் கூடு நிறையும் எண். மாய எண் என்பார்கள். அந்த எண்ணைவிட இரண்டு, மூன்று, நான்கு நியூட்ரான்கள் மிகுதியாக வைத்திருக்கும் 146, 147, 148 ஆகியவை, இரண்டு புரோட்டான்களையும் இரண்டு நியூட்ரான்களையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டால் 82-இலோ அதற்கு மிக அருகிலோ போய் அமர்ந்துகொள்ளும். வெளியாகும் ஆற்றல் 146-க்கு ஏறத்தாழ 2.5 மெகா எலக்ட்ரான் வோல்ட், 147-க்கு 2.3, 148-க்கு 2.0. பார்க்கச் சிறு வேறுபாடுதான். ஆனால் ஆல்பா துகள் அணுக்கருவின் ஆற்றல் அரணை ஏறிக் கடப்பதில்லை, ஊடுருவிக் கசிந்தே வெளியேறுகிறது. ஆற்றல் சற்றுக் குறைந்தாலும் அந்தக் கசிவு அடியோடு குறைந்துவிடுகிறது. அதனால் 146-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளாக இருக்க, அரை மெகா எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே குறைந்த 148-க்கு அது 7 கோடி மடங்கு நீள்கிறது. என் அறிவுக்கு, கரும்பலகையில் எழுதிக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தனிம வரிசை அட்டவணையில் இல்லை.

சமாரியம்-146 உங்கள் ஏழில் இல்லையே என்று தேட வேண்டாம். பூமி உருவாகி 454 கோடி ஆண்டுகளில் அது நாற்பது முறைக்கு மேல் பாதியாகி, இல்லை என்றே சொல்லும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

மறுமொழி 2: சேர்வராயன் வாசி

ஆசிரியை அம்மையாருக்கு வணக்கம். நான் புவியியல் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் குடியிருக்கும் முதியவன். ஆத்தூர்த் தம்பி அணுக்கருவைச் சொல்லிவிட்டார். கல்லை நான் சொல்கிறேன்.

உங்கள் மாணவன் கொண்டுவந்த கல்லின் மேற்புறம் பழுப்பேறி இருக்கும். சுத்தியலால் ஓரத்தைத் தட்டிப் புதிய முகத்தைப் பாருங்கள். பச்சையும் சாம்பலும் கலந்த கருமையில், எண்ணெய்க் கையால் தடவியது போன்ற ஒரு மினுமினுப்புடன் இருந்தால் அது சார்னோக்கைட். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி இந்தப் பாறைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல், நம் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துப் பாறை என்பதை வைத்துத் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இந்தப் பெயரை இட்டார். கைக்கண்ணாடி இருந்தால், செம்பழுப்பில் மின்னும் ஹைப்பர்ஸ்தீன் படிகங்களைப் பையனுக்குக் காட்டலாம். பாறையின் அடையாளம் அதுதான்.

இனி அவனுடைய கேள்விக்கு ஒரு கணக்கைப் போடுவோம். இப்படிப்பட்ட பாறையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் சமாரியம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் மேலோட்டுக்குப் பொதுவான அளவு ஏறத்தாழ அதுதான். தூய சமாரியம் ஒரு கிராமில் வினாடிக்குச் சுமார் 125 அணுக்கள் சிதைகின்றன. எனவே ஒரு கிலோ கல்லில் வினாடிக்கு 0.6, அதாவது ஐந்து வினாடிகளுக்கு மூன்று அணுக்கள். அந்த 5 மில்லிகிராமுக்குள் சமாரியம்-147 அணுக்கள் மட்டும் சுமார் 30,000 கோடி கோடி இருக்கின்றன. அவற்றுள் ஐந்து வினாடிக்கு மூன்று பேர்தான் இடத்தைக் காலி செய்கிறார்கள்! அதே கல்லில் 2 விழுக்காடு பொட்டாசியம் இருந்தால், அதிலுள்ள பொட்டாசியம்-40 மட்டுமே வினாடிக்கு 600-க்கு மேல் சிதையும். பொட்டாசியத்துக்கு அஞ்சுவதானால் நாம் நம் உடம்பைவிட்டே விலகி உட்கார வேண்டும். வளர்ந்த ஒருவர் உடலில் அது வினாடிக்கு ஏறத்தாழ 4,000 முறை சிதைந்துகொண்டிருக்கிறது. ஆகவே "ஆம், கதிரியக்கம் உடையதுதான்" என்று தயங்காமல் சொல்லுங்கள். எவ்வளவு என்பதையும் உடனே எழுதிவிடுங்கள்.

அருமண் என்றாலே கதிரியக்கம் என்ற அச்சம் நம்மிடையே பரவியதற்குக் காரணம் அருமண் தனிமங்கள் அல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் மோனசைட் மணலில் அருமண்களுடன் தோரியமும் சேர்ந்தே இருக்கிறது; கருவியின் முள்ளை ஆட்டுவது அந்தத் தோரியமும் அதன் வழித்தோன்றல்களும்தான். அருமண் சும்மா பக்கத்தில் நின்று பழி சுமக்கிறது.

இந்த மெல்லிய கதிரியக்கம் எங்களுக்குக் கடிகாரம். சமாரியம்-147 ஆல்பா துகளை விட்டு நியோடிமியம்-143 ஆகிறது. இந்த மலைப் பாறைகளின் வயது 250 கோடி ஆண்டுகள் என்ற அளவில் வருகிறது. அத்தனை காலத்திலும் அந்த 147-இல் சிதைந்தது 1.6 விழுக்காடுதான். யுரேனியம்-238 இதே காலத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கும். இவ்வளவு சோம்பலான கடிகாரத்தை ஏன் நம்புகிறோம் என்றால், சமாரியமும் நியோடிமியமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். வேதியியல் குணம் ஏறத்தாழ ஒன்று. பாறை வெந்து உருமாறினாலும், நீர் ஊடுருவினாலும், ஒன்றை மட்டும் பிரித்து வெளியே கொண்டுபோவது எளிதன்று. இன்னொரு கடிகாரமான ருபீடியமும் ஸ்ட்ரான்சியமும் அப்படியல்ல; சற்றுச் சூடு கண்டால் ஆளுக்கொரு திசையில் ஓடிவிடும்.

பணியில் இருந்தபோது ஆய்வகத்தில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நியோடிமியத்தின் அளவுகளை நியோடிமியம்-144-உடன் ஒப்பிட்டுத்தான் எழுதுவது வழக்கம். ஆனால் சமாரியத்திலும் 144 உண்டு என்று மேலே தம்பி சொன்னாரே. இரண்டும் நிறை நிறமாலைமானிக்குள் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்தளக்கும் கருவி) போனால் கருவிக்கு வேறுபாடு தெரியாது. ஆகையால் கல்லை மாவினும் மென்மையாகப் பொடித்து, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் பல நாள் கரைத்து, அயனிப் பரிமாற்றக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி, சமாரியம் ஒரு கிண்ணத்திலும் நியோடிமியம் வேறொரு கிண்ணத்திலும் விழும்படி பிரித்தாக வேண்டும். எந்தச் சொட்டில் கிண்ணத்தை மாற்றுவது என்பதில்தான் ஒருவரின் கைப்பக்குவம் தெரியும். இத்தனையும் செய்து கிடைப்பது, நியோடிமியம்-143-ஐ 144-ஆல் வகுத்த 0.511 என்பது போன்ற ஒரு விகிதம். பயனுள்ள செய்தியெல்லாம் மூன்றாம் தசம இலக்கத்துக்குப் பிறகுதான் தொடங்கும். கார்னெட் உள்ள பாறையானால் வேலை எளிது. கார்னெட் சமாரியத்தை மிகுதியாக இழுத்து வைத்துக்கொள்வதால், அதில் அந்த விகிதம் 0.517 வரைகூட ஏறியிருக்கும். முழுப் பாறை, கார்னெட் ஆகிய இரண்டின் புள்ளிகளுக்கும் இடையே கோடு கிழித்தால், அதன் சாய்விலிருந்து பாறை பிறந்த காலம் வந்துவிடும்.

மறுமொழி 3: முதுகலை மாணவி, சேலம்

ஐயா, மிகுந்த மரியாதையுடன் ஒரு திருத்தம். கார்னெட்டும் முழுப் பாறையும் சேர்ந்து தரும் கோட்டின் சாய்வு, பாறை பிறந்த காலத்தைக் காட்டாது அல்லவா? கார்னெட் உருமாற்றத்தின்போது வளரும் கனிமம். ஏறத்தாழ 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் என்ற அளவுக்குக் கீழே அது குளிர்ந்த பிறகுதான் அதற்குள்ளிருக்கும் நியோடிமியம் நகராமல் நின்று, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பாறையின் மூலப்பொருள் பூமியின் மூடகத்திலிருந்து (மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) பிரிந்த காலத்தை அறிய, முழுப் பாறையின் விகிதத்தை மூடகத்தின் வளர்ச்சிக் கோட்டுடன் ஒப்பிட்டு மாதிரி வயது என்ற ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். ஒரே கல்லில் இரண்டு வயதுகள் வரக்கூடும். இரண்டும் சரியாகவே இருக்கக்கூடும். மாணவனிடம் "கல்லின் வயது" என்று ஒற்றைச் சொல்லில் சொன்னால் பிற்பாடு குழம்புவான் என்பதால் எழுதுகிறேன்.

மறுமொழி 4: சேர்வராயன் வாசி

நீங்கள் சொல்வதுதான் சரி, அம்மா. பிறந்த காலம் என்று எழுதியது என் அவசரம். குளிர்ந்த காலம் என்று திருத்திப் படிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 5: அயோத்தியாப்பட்டணம் வேதியியல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. ஐந்து வினாடிக்கு மூன்று என்ற கணக்கை இன்று வகுப்பில் போட்டோம். கல்லைச் சுற்றி மாணவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள் என்பதைச் சேர்வராயன் ஐயாவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். ஓரத்தைத் தட்டிப் பார்த்தோம், எண்ணெய் மினுமினுப்பு அப்படியே இருந்தது.

இன்னும் இரண்டு ஐயங்கள் மிச்சம். தூய சமாரியத்தின் பக்கத்தில் கைகர் கருவியை வைத்தால் ஒலி கேட்குமா என்று அந்தப் பையன் கேட்கிறான். மற்றொன்று, எங்கள் பள்ளியில் உடன் பணிபுரியும் ஒருவரின் தந்தையாருக்கு, புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் வந்த வலிக்குச் சமாரியம் ஊசி போட்டார்களாம். 10,600 கோடி ஆண்டுகள் சிதைந்துகொண்டே இருப்பதை உடம்பில் ஏற்றலாமா என்று அவர் என்னிடம் கவலையுடன் கேட்டார்.

மறுமொழி 6: அணுமருத்துவப் பணியாளர்

அம்மா, அவருடைய கவலையை உடனே நீக்குங்கள். அந்த ஊசியில் பயன்படுவது இயற்கையில் கிடைக்காத சமாரியம்-153. அதன் அரை ஆயுட்காலம் 46 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அதாவது இரண்டு நாளுக்கும் குறைவு. அணு உலையில் சமாரியம்-152-ஐ நியூட்ரான் பட வைத்து இதை உருவாக்குகிறார்கள். நம் நாட்டிலேயே தயாராகிறது. பாஸ்பரஸ் உள்ள ஒரு சேர்மத்துடன் இணைத்துக் கொடுப்பதால், எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடங்களைத் தேடிப் போய்ப் படிகிறது. புற்று பரவிய இடங்களில் அந்த வேலை வேகமாக நடப்பதால் அங்கேதான் அதிகம் சேரும். எலும்பில் தங்காத பகுதி பெரும்பாலும் சில மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆகவே முதல் நாள் கழிப்பறையில் தண்ணீரை இரண்டு முறை ஊற்றச் சொல்வோம்; நோயாளிகள் இதைத்தான் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள்.

இது வெளியிடுவது ஆல்பா அன்று, பீட்டா. திசுவுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. கூடவே 103 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவும் வருவதால், மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று காமா கேமராவில் படமும் எடுத்துவிடலாம். சிதைந்த பின் எஞ்சுவது யுரோப்பியம்-153, நிலையானது. 20 நாள் கழித்துக் கணக்கிட்டால் தொடக்க அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. வலி குறைவது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரியத் தொடங்கும். ஆனால் இரத்த அணுக்களின் எண்ணிக்கை சில வாரங்கள் தாழ்ந்திருக்கும். அந்தப் பெரியவரைக் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

மறுமொழி 7: ஆத்தூர்க்காரன்

கைகர் கருவி பற்றி: பெரும்பாலும் கேட்காது. சமாரியம்-147-இன் ஆல்பா துகள் காற்றில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் போகும். கருவியின் மெல்லிய மைக்கா சாளரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே அதன் ஆற்றல் ஏறக்குறைய தீர்ந்துவிடும். உலோகத்தின் மேற்பரப்பில் உள்ள அணுக்கள் விடுபவை மட்டுமே வெளியே வரும். உள்ளிருப்பவை உள்ளேயே நின்றுவிடும். சமாரியமும் கோபால்ட்டும் கலந்த காந்தங்களை எத்தனையோ கருவிகளில் யாரும் அஞ்சாமல் பயன்படுத்திவருவதற்கு இதுவே போதிய காரணம்.

எங்கள் துறையில் சமாரியம் என்றால் நினைவுக்கு வருவது இந்த 147 அன்று, 153-உம் அன்று. சிதையாத 149-தான் எங்களுக்குத் தொல்லை. யுரேனியம் பிளவுறும்போது நியோடிமியம்-149 உண்டாகிறது. அது இரண்டு மணி நேரத்துக்குள் பாதியளவு புரோமீத்தியம்-149 ஆகிவிட, அந்தப் புரோமீத்தியம் 53 மணி நேர அரை ஆயுட்காலத்துடன் சமாரியம்-149 ஆகிறது. இந்தச் சமாரியம்-149, நியூட்ரான்களை விழுங்குவதில் பகாசுரன். மெதுவான நியூட்ரான்களைப் பிடிக்கும் அதன் திறன் ஏறத்தாழ 40,000 பார்ன் (அந்தத் திறனை அளக்கும் அலகு), அதாவது யுரேனியம்-235-ஐப் போல ஐம்பது மடங்குக்கு மேல். இன்னொரு பெருந்தீனிக்காரனான செனான்-135, உலையை நிறுத்திவிட்டு மூன்று நாள் பொறுத்தால் தானாகச் சிதைந்து ஒழிந்துவிடும். அதன் அரை ஆயுட்காலம் 9 மணி நேரம்தான். சமாரியம்-149-க்கோ சிதைவே கிடையாது. உலை நின்ற பிறகும், மிச்சமிருக்கும் புரோமீத்தியத்திலிருந்து அது சில நாள்கள் பெருகிக்கொண்டேதான் இருக்கும். மறுபடி உலையை இயக்கி நியூட்ரான்களைக் கொடுத்துத்தான் அதை எரித்துத் தீர்க்க முடியும்.

1972-இல் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்துச் சுரங்க யுரேனியத்தில் 235-இன் அளவு குறைந்திருப்பதைக் கண்டபோது, ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பாறைக்குள் தானாகவே அணு உலை எரிந்திருக்கிறது என்பதை உறுதிசெய்தவற்றுள் ஒன்று, அங்கிருந்த சமாரியத்தில் 149 பெருமளவு குறைந்திருந்ததுதான். நியூட்ரான் பெருகிய இடத்தில் 149 மிஞ்சாது. அந்த உலை எரிந்த காலத்தில் உங்கள் ஏற்காட்டுக் கல் குளிர்ந்து 50 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன என்று பையனிடம் சொல்லுங்கள்.

மறுமொழி 8: அயோத்தியாப்பட்டணம் வேதியியல் ஆசிரியை

சொல்லிவிட்டேன் தம்பி. உடனே அடுத்த கேள்வி வந்தது: சமாரியத்துக்கு ஐந்து நிலையான ஐசோடோப்புகள் இருக்க, அதற்கு முந்தைய கட்டத்தில் உள்ள புரோமீத்தியத்துக்கு ஒன்றுகூட இல்லையே, ஏன்?

மறுமொழி 9: ஆத்தூர்க்காரன்

புரோட்டான் எண்ணிக்கை 61 என்பது ஒற்றைப்படை. ஒற்றைப்படைத் தனிமங்களுக்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றோ இரண்டோதான் வாய்க்கும். அந்த ஒன்றிரண்டு இடங்களையும் இருபுறமும் உள்ள நியோடிமியமும் சமாரியமும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டன; அதே நிறையில் அவை ஆற்றல் குறைந்து அமர்ந்திருப்பதால், புரோமீத்தியம் ஏதேனும் ஒரு பக்கம் சரிந்தே ஆக வேண்டும். எடுத்துக்காட்டாக, புரோமீத்தியம்-147 இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான அரை ஆயுட்காலத்தில் பீட்டா துகளை விட்டு எதுவாகிறது என்று பையனையே அட்டவணையில் பார்க்கச் சொல்லுங்கள். அவன் மேசைமேல் வைத்த கல்லில் இருப்பதுதான்.